அடுப்பேறாத கறி

(பதினோராம் அத்தியாயம்)

ஜாடியின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள் பொன்னுத்தாய்.

மஞ்சள் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் பூண்டு. அதற்கும் பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை மூக்கைக் கொண்டுபோனாள். இல்லை, கறி இன்னும் கெடவில்லை.

சித்திரை மாதக் கடைசி. விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. அதற்குள் பாலக்கரைச் சந்துகளில் வெயில் இறங்கிவிட்டது. இந்தக் கத்தரி வெயிலில் காலையில் வாங்கிய மீன் மத்தியானத்துக்குள் நாறிவிடும். இது நேற்றுக் காலையில் அறுத்த சேவல்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதலில் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

இந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேர் ரங்கூனில் இருந்தார்கள். ஒருவன் அடைக்கலம், பொன்னுத்தாயின் புருஷன். மொகல் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கறி சமைக்கிறவன். இன்னொருவர் தர்மராஜ், அடைக்கலத்தின் அக்கா மாரியாயியைக் கட்டியவர். துறைமுகத்தில் மேஸ்திரி. மார்கழியில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ரங்கூனே காலியாயிற்று. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் மலையும் காடுமாக நடந்து வருகிறார்கள் என்று கேள்வி. இந்த இரண்டு பேரைப் பற்றியும் அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

பெண்கள் இரண்டு பேரும் வீட்டுச் சாமி கருப்புக்கு ஆளுக்கொரு சேவல் நேர்ந்துவிட்டார்கள். பொன்னுத்தாயுடையது செவலை. மாரியாயியுடையது கறுப்பு.

அந்தக் குடும்பத்தில் அதற்கொரு முறை உண்டு. யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆள் நல்லபடியாக வாசல் மிதித்த பிறகுதான் சேவலை அறுக்க வேண்டும். அவன் வீட்டில் இருக்கும்போதுதான் கறி அடுப்பேற வேண்டும். முதல் வாய் அவனுக்கு. அவன் தின்பதற்கு முன் வேறு யாராவது தின்றுவிட்டாலோ, கறி கெட்டுக் குப்பைக்குப் போனாலோ, அவன் இனி வரமாட்டான் என்று அர்த்தம். இதை யார் வகுத்தார்கள், எப்போது வகுத்தார்கள் என்று கேட்டால் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் அவ்வளவு பயம்.

வியாழக்கிழமை சேக் மைதீன் வந்தார். அடுத்த தெருக்காரர்; அவரும் ரங்கூனிலிருந்து தப்பி வந்தவர்தான். மெட்ராஸ் அகதி முகாமில், தலையில் கட்டுப் போட்டிருந்த ஒரு ஆள், "பாலக்கரை மில்லுக் காத்தான் வீட்டுல சொல்லிடுங்க, நாளைக்கு வண்டி ஏறிடுவேன்" என்று கூட்டத்துக்கு நடுவில் கத்திச் சொன்னாராம். சேக் மைதீனுக்கு அப்போது குளிர்சுரம். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. முகமும் சரியாகத் தெரியவில்லை.

மில்லுக் காத்தான் என்பது அடைக்கலத்தின் தம்பி. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் வேலை. அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். "வர்றது அண்ணன்தான், எனக்குத் தெரியும்" என்று வெள்ளிக்கிழமை காலையில், வண்டி வருவதற்கு வெகு முன்னாலேயே, செவலைச் சேவலைப் பிடித்து அறுத்துவிட்டான். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அக்காவுக்கும் ரங்கூனில் ஒரு புருஷன் உண்டு என்பது அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு நினைப்பு வரவில்லை. மாரியாயி தன் கறுப்புச் சேவலை மூடியிருந்த பஞ்சாரக் கூடையின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டியில் யாரும் வரவில்லை.

இதுவரைக்கும் போன வாரக் கதை. இப்போது சனிக்கிழமை காலை.

"என்ன அண்ணி, எப்படி இருக்கு?" காத்தான் அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ராத்திரி தூங்காத கண்.

"இருக்கு."

"சமைச்சு வச்சுடுங்களேன். வெந்த கறின்னா இன்னும் ஒரு பொழுது தாங்கும்."

"அவரு வீட்டுல இல்லாம அடுப்புல ஏத்தச் சொல்றீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? விடுங்க."

விடுங்க என்று வாய் சொன்னதே தவிர, மனசு விடவில்லை. இந்தப் பிள்ளை இன்னும் ஒரு பகல் பொறுத்திருக்கக் கூடாதா என்று நேற்று மாலையிலிருந்து அவள் நினைக்காத நேரமில்லை.

துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாழையிலையில் பரப்பினாள். மூன்று வயதுச் சேவல். நேற்று அறுத்தவுடன் தொட்டபோது கயிறு மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் பக்குவப்படட்டும் என்று பப்பாளிக் காயைத் தோலோடு அரைத்துப் பூசியிருந்தாள். வண்டி வெறுமனே வந்ததும் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பப்பாளிதான். அது கறியை மெத்தென்று ஆக்கிவிட்டு அதோடு நிற்காது; விட்டால் கூழாக்கிவிடும். ஸ்டேஷனிலிருந்து திரும்பியதும் முகம்கூடக் கழுவாமல், ஒரு வேட்டித் துணியால் ஒவ்வொரு துண்டையும் துடைத்து எடுத்தாள். கழுவவில்லை, துடைத்தாள். பிறகு உப்பும் மஞ்சளும் நுணுக்கிய மிளகும் வைத்துத் தேய்த்து, தட்டிய பூண்டோடு ஜாடியில் அடுக்கினாள்.

எல்லாம் அடைக்கலம் சொல்லிக் கொடுத்தது. போன தடவை லீவில் வந்தபோது, கடையில் கறியைக் கெடாமல் வைக்கும் விதத்தைப் பெருமை பொங்கச் செய்து காட்டினான். "தண்ணி மட்டும் படக் கூடாது பொன்னு. ஈரக் கையை உள்ளே விட்டே, எல்லாம் போச்சு" என்று அவள் கையைப் பிடித்துத் தன் வேட்டியிலேயே துடைத்துவிட்டான். அதை நினைத்துக்கொண்டே கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

உப்பு தன் வேலையைச் செய்திருந்தது. ஜாடியின் அடியில் ஊறி நின்ற நீரை வடித்துக் கொட்டினாள். புது உப்புப் போட்டாள். ஆனால் இந்த வெயிலுக்கு உப்பு மட்டும் போதாது.

பின்கட்டிலிருந்து மாரியாயி வந்து ஒரு சின்னக் குப்பியைப் பக்கத்தில் வைத்தாள். "பக்கத்துச் சந்து செபஸ்தியான் வீட்டுல கேட்டு வாங்கியாந்தேன். கள்ளுக் காடி, கள்ளைப் புளிக்கவச்சது. அவங்க பன்னிக்கறிக்குப் போடுவாங்களாம். புளிப்பு ஏறினா புழு அண்டாது."

பொன்னுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். முறைக்கு நாத்தனார், ஆனாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா என்று கூப்பிட்டே பழகிவிட்டது. நேற்று முழுவதும் அந்த அக்கா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

காடியை ஊற்றிப் பிசறினாள். மிளகு தூவினாள். துண்டுகளை அழுத்தி அடுக்கி, மேலே காற்று படாமல் நல்லெண்ணெய் விட்டாள். மாரியாயி தண்ணீர்ப் பானை மூலையில் ஈர மணலைக் குவித்து நடுவில் குழி பறித்தாள். இரண்டு பேருமாக ஜாடியை அதில் இறக்கினார்கள்.

"அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா?"

"கேளு."

"வர்றது யாருன்னு நினைக்கிறீங்க?"

மாரியாயி மணலைத் தட்டிச் சமம் செய்தாள். "யாரு வந்தாலும் எனக்கு ஆளுதான். ஒருத்தரு தாலி கட்டினவரு. ஒருத்தன் நான் இடுப்புல தூக்கி வளர்த்தவன்."

"எனக்கு அப்படி இல்லையேக்கா."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைக்கும் என்று பொன்னுத்தாய்க்கு உறைத்தது. அவளுக்கு ஒருவர்தான் வர வேண்டும். இன்னொருவர் வந்தால் அவளுக்கு யாரும் வரவில்லை என்று அர்த்தம். அதாவது, மாரியாயியின் புருஷன் வரக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு ஜாடியை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியும் விட்டாள்.

"தெரியும் பொன்னு" என்றாள் மாரியாயி. "உன் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் வேண்டிக்குவேன்."

பிறகு இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள்.

கடல் தாண்டிப் போனவன் காவேரியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்பதும் அந்த வீட்டு வழக்கம். ஆகவே வரும் ஆள் ஸ்ரீரங்கத்திலேயே இறங்கிவிடுவான் என்று அங்கே போய்த்தான் காத்திருந்தார்கள். காத்தான் ஒரு ஜட்காவைப் பேசி வெளியே நிறுத்தியிருந்தான்.

பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. மெட்ராஸில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பயத்தில் பட்டணமே கிளம்பித் தெற்கே வந்துகொண்டிருந்த காலம். அதற்கு நடுவில் ரங்கூன் ஜனங்கள் வேறு. அவர்களுக்கென்று ஒரு பந்தல் போட்டு, பள்ளிக்கூட வாத்தியார் வீரராகவன் பானை பானையாக மோர் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நெற்றியில் திருமண், தோளில் ஈரத் துண்டு.

"உங்க மனுஷா யாராவது வராளாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா சாமி. ஒருத்தரு வர்றாரு" என்றாள் மாரியாயி.

"வண்டி இன்னும் லால்குடியே தாண்டலையாம். வெயில்ல நிக்காதீங்கோ, இப்படி நிழலுக்கு வந்து மோர் குடியுங்கோ. ரங்கன் இருக்கான், க்ஷேமமா வந்து சேருவா."

மாரியாயி வாங்கிக் குடித்தாள். பொன்னுத்தாய்க்கு இறங்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தபடி, மணலுக்குள் இருக்கும் ஜாடியை நினைத்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் இறங்கியிருக்குமோ? எறும்பு ஏறியிருக்குமோ? புருஷனைப் பற்றி நினைக்கப் பயமாக இருந்ததால் கறியைப் பற்றி நினைத்தாள்.

வண்டி வந்தது. ஜன்னல் வழியாக மூட்டைகள் விழுந்தன, குழந்தைகள் இறங்கின, பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் காதை அடைத்தது. கடைசிப் பெட்டியிலிருந்து தலையில் அழுக்குக் கட்டோடு ஒரு ஆள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்து இறங்கினார்.

தாடி மார்பு வரை இருந்தது. முகத்தை வைத்து யாரும் அடையாளம் சொல்லியிருக்க முடியாது. அவர் நாலு எட்டு நடந்தார். அந்த நடையைப் பார்த்ததும் மாரியாயி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தர்மராஜ்.

பொன்னுத்தாய் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தாள். பெட்டியின் வாசலைப் பார்த்தாள். அடுத்த பெட்டியை, அதற்கடுத்த பெட்டியை, வண்டி ஊதிக்கொண்டு கிளம்பிக் கடைசிப் பெட்டியும் கண்ணை விட்டு மறையும் வரை பார்த்தாள்.

அந்த நிமிஷம் அவளுக்குத் தர்மராஜ் மேல் கோபம் வந்தது. உயிரோடு வந்து சேர்ந்ததற்காக ஒரு மனிதர் மேல் கோபப்படலாமா? வந்தது. அதை மறைத்து என்ன செய்ய?

பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணே, அவரு?"

தர்மராஜ் அவள் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. "வீட்டுக்குப் போயிப் பேசலாம் தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னார். காத்தான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

காவேரியில் தண்ணீர் இல்லை. மணலுக்கு நடுவே ஓரமாக ஒரு ஓடை. முழுகுவதற்கு ஆழம் போதாததால் தர்மராஜ் அதில் படுத்துக்கொண்டார். மாரியாயி கையால் அள்ளி அள்ளி அவர் தலையில் விட்டாள். தலைக்கட்டை அவிழ்த்தபோது ஒரு சத்தம் போட்டாள். பிறகு சத்தமில்லாமல் ஊற்றினாள். விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.

கரையில் நின்றிருந்த பொன்னுத்தாயின் கோபம் அங்கேயே போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது அதைவிடக் கனமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கஞ்சி கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் கிண்ணத்தின் விளிம்பில் ரத்தம் ஒட்டியிருந்தது. ஈறு முழுவதும் புண். முன்பற்கள் போயிருந்தன, மிச்சம் இருந்தவை ஆடின.

"மலையில வரும்போது இலை தழையைத்தான் தின்னோம்" என்றார். பிறகு குழந்தை மாதிரி மெதுவாகக் கேட்டார். "மாரி, கறின்னு ஒண்ணைக் கண்ணால பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கொஞ்சம் கறிச்சாறு கிடைக்குமா?"

காத்தான் எழுந்தான். "உங்க சேவல் இருக்கு மாமா. இப்பவே அறுக்கறேன்."

"அறுத்து?" என்றாள் மாரியாயி. "அதுவும் கிழட்டுச் சேவல். இப்ப அறுத்து இப்ப வேகவச்சா செருப்புத் தோலு மாதிரி இருக்கும். இந்த வாயை வச்சுக்கிட்டு எதை மெல்லுவாரு? ஊறப் போட்டு நாளைக்குத்தான் ஆக்கணும்."

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு?" என்றாள் பொன்னுத்தாய்.

எழுந்து அடுக்களைக்குள் போனாள். மணலிலிருந்து ஜாடியைத் தோண்டி எடுத்தாள். எண்ணெயை விலக்கி ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினாள். நேற்றைக்குக் கயிறாக இருந்த கறி விரலுக்கு வழிவிட்டது. பப்பாளியும் உப்பும் காடியும் சேர்ந்து கெடவும் விடாமல் கூழாகவும் விடாமல் பக்குவமாக வைத்திருந்தன. அடைக்கலம் பார்த்திருந்தால் கடைக்காரன் மாதிரி நாக்கைச் சப்புக் கொட்டியிருப்பான்.

அடுப்பில் சுள்ளியை வைத்து ஊதினாள். பின்னாலேயே ஓடி வந்த மாரியாயி அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம் பொன்னு. அது என் தம்பி பங்கு."

"உங்க தம்பி வரமாட்டாருக்கா. அண்ணன் முகத்தைப் பார்த்தீங்கள்ல? வீட்டுக்குப் போயிப் பேசலாம்னாரே, உசுரோட இருக்கற ஆளைப் பத்திப் பேச வீட்டுக்கு வரணுமா?"

"அவரு வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் இதுல நெருப்பு வைக்காதே."

"இன்னைக்குப் பொழுது தாண்டினா இது நாறிடும். இவ்வளவு பாடுபட்டு வச்சதைக் குப்பையில கொட்டச் சொல்றீங்களா? பசிச்சு வந்த மனுஷன் தின்னட்டும். உங்க தம்பி கையால செஞ்சு காட்டின வித்தை, அவரு மச்சானுக்காவது ஆகட்டும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் மாரியாயி கையை விட்டிருக்க மாட்டாள். அழாமல் சொன்னதால் விட்டுவிட்டாள்.

சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்தது. சின்ன வெங்காயம் வதங்கியது. ஊறிய கறியைத் தள்ளியதும் காடியின் புளிப்பும் மிளகின் நெடியும் கிளம்பி மூக்கில் ஏறின. தன் தண்ணீரிலேயே அது சீக்கிரம் வெந்தது. ஒரு துண்டைக் கரண்டியால் தொட்டாள். எலும்பை விட்டுக் கழன்று வந்தது. நல்ல மெத்தென்ற துண்டுகளாகப் பார்த்து எடுத்து, பிய்த்து, சாறோடு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுபோய்த் தர்மராஜின் முன்னால் வைத்தாள்.

அவர் கிண்ணத்தின் மேல் குனிந்தார். கை வந்தது. ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தினார்.

"காத்தான் சேவலை இனிமேதானே அறுக்கறேன்னான்? அப்ப இது யாரோட சேவல்?"

 காத்தான்தான் சொன்னான். "அண்ணனோடது மாமா. நான்தான் முந்திக்கிட்டு..."

தர்மராஜ் துண்டைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டார். சாறு ஒட்டிய விரலைக்கூட நக்கவில்லை, வேட்டியில் துடைத்தார். 

"எடுத்துட்டுப் போ தங்கச்சி. அவன் முதல் வாயை நான் திங்க மாட்டேன்."

"செத்தவருக்கு ஏதுண்ணே முதல் வாய்?"

"யாரு செத்தது?"

அடுக்களையில் சட்டி காயும் சத்தம் கேட்டது. 

"நான் கிளம்பறப்போ உசுரோடதான் இருந்தான்" என்றார் தர்மராஜ். "மணிப்பூர் மலைக்கு இந்தப் பக்கம், கேம்ப் ஆஸ்பத்திரியில. காலுல புண்ணு சீழ் வச்சு, காய்ச்சல். நினைவு வரும், போகும்."

"கிளம்பறப்போன்னா?" மாரியாயி கேட்டாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்திருக்கும். "தனியா விட்டுட்டா கிளம்பினீங்க?"

"லாரியில ஒரு இடம்தான் இருந்துச்சு மாரி."

"அவன் போகச் சொன்னானா?"

தர்மராஜ் விரலை மறுபடியும் வேட்டியில் துடைத்தார்.

"கேட்கறேன்ல? நீங்க போங்க மாமான்னு அவன் வாயால சொன்னானா? இல்லே, அவனுக்கு நினைவில்லாத நேரத்துல ஏறிட்டீங்களா?"

  காடும் மலையும் கடந்து வந்த மனிதர் அந்தச் சின்னக் கேள்வியைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன செய்தார் என்று இப்போது எனக்கும் சொல்லத் தெரியாது. அந்த லாரிக்கு முன்னால் நாம் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதும் தெரியாது.

பொன்னுத்தாய்க்கு அந்தக் கேள்வி காதில் விழவே இல்லை. உசுரோட இருந்தான் என்பதைத் தாண்டி அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். பிய்த்ததையெல்லாம் திரும்பச் சட்டியில் கொட்டினாள். அடுப்பை நன்றாக எரியவிட்டு, இன்னும் எண்ணெய் விட்டு, இன்னும் உப்பும் மிளகும் போட்டுக் கிளறத் தொடங்கினாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?" காத்தான் பயந்துபோய்க் கேட்டான். புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தான்.

"ஈரம் வத்தற வரைக்கும் வறுக்கறேன். ஈரமில்லாம சுண்ட வறுத்து எண்ணெயில போட்டு வச்சா பத்து நாள் தாங்கும்னு உங்க அண்ணன் சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்துதான் திங்கணும்னு இருக்கா? அடுப்புத்தான் ஏத்தியாச்சு. அந்தத் தப்பைக் கருப்பு என் தலையில எழுதிக்கட்டும். முதல் வாய் இன்னும் அவருக்குத்தான் இருக்கு. அவரு இருக்கற இடத்துக்கு நான் கொண்டு போறேன்."

"எங்கேன்னு போவீங்க?"

"முதல்ல மெட்ராசு. அங்க தினமும் கல்கத்தா வண்டியில ஆளுங்க வர்றாங்கள்ல? அங்க வந்திருந்தா அங்க. இல்லேன்னா அடுத்த வண்டி."

"பட்டணமே காலி பண்ணிட்டு இங்க ஓடி வருது. நீங்க குண்டு விழற ஊருக்குப் போறேங்கறீங்க."

"அப்ப போற வண்டியில இடம் இருக்கும்" என்றாள் பொன்னுத்தாய். "காலையில எத்தனை மணிக்கு வண்டின்னு மட்டும் விசாரிச்சுட்டு வாங்க."

காத்தான் நகரவில்லை. ரங்கூன், மணிப்பூர் என்று பெயர் தெரியுமே தவிர, ஜீயபுரத்துக்கு மேற்கே அவள் ஒரு அடி வைத்ததில்லை; இந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் ஒரு ஸ்டேஷனைப் பார்த்ததில்லை. தனியாக எப்படி அனுப்புவது?

"நின்னுக்கிட்டே இருக்கியே, போயி விசாரி" என்றது மாரியாயியின் குரல். "ரெண்டு பேருக்குன்னு சொல்லிக் கேளு."

அவள் கூடத்தில் புருஷனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். கொடியிலிருந்த தன் மாற்றுப் புடவையை உருவி மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"மாரி..." என்றார் தர்மராஜ். அவர் கை தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. "நான் இப்பத்தானே வந்தேன்."

"ஆமாங்க. நீங்க வந்துட்டீங்க. அதுக்குச் சாமியைக் கும்பிட்டுக்கறேன்." குனிந்து, ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள். "இதைக் குடிச்சுட்டுப் படுங்க. நாளையிலேர்ந்து காத்தான் பார்த்துக்குவான். இனிமே நான் உங்களை ஒண்ணும் கேட்க மாட்டேன்."

தர்மராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் போகச் சொன்னானா இல்லையான்னு நான் அவன்கிட்டயே கேட்டுக்கறேன்" என்றாள் மாரியாயி.